டேங்க் உச்சியில் தூங்கியவர்

டெய்லரம்மாவின் கணவர் எண்ணெய் டேங்க்கின் உச்சியில் மயங்கி விழுந்த அன்று, அவர் தூங்கிவிட்டார் என்று கம்பெனி முடிவு செய்தது.

முடிவு செய்ய அதிக நேரம் ஆகவில்லை. விழுந்தவர் தானாகவே கண் விழித்து, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, சொந்தக் கால்களாலேயே படியிறங்கி வந்து பாதுகாப்பு மேலாளரின் அறையில் நின்றார். விபத்தில் சிக்கியவன் இப்படி நடந்து வந்து வணக்கம் சொல்வானா என்று மேலாளர் கேட்டார். சொல்ல மாட்டான்தான். ஆகவே விபத்து இல்லை. விபத்து இல்லையென்றால், பட்டப்பகலில் ஒரு மனிதன் வேலை நேரத்தில் இரும்புத் தகட்டின்மேல் கன்னத்தை வைத்துப் படுத்துக் கிடந்ததற்கு வேறு என்ன பெயர்? தூக்கம் என்றுதான் பெயர்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்த கணவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "இன்னிக்கு டேங்க் மேல தூங்கிட்டேனாம்" என்றார், பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்வதுபோல.

டெய்லரம்மா தையல் மிஷினை நிறுத்தினாள். அவருடைய இடது கன்னம் வெந்து சிவந்திருந்தது. இரும்புத் தகட்டின் புடைப்புகள் அதில் வரிசையாகப் பதிந்திருந்தன. இவர் சாதாரணமாகத் தூங்குகிற ஆள் இல்லை. கல்யாணமான புதிதில் இவள் பேசிப் பேசிப் பாதிக் கதையில் தூங்கிப்போன பிறகும், மீதிக் கதை என்னவாக இருக்கும் என்று கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்த ஆள்.

"யாரு சொன்னது தூங்கினீங்கன்னு?"

"கம்பெனி."

"ஏன், கம்பெனி பக்கத்துல படுத்திருந்து பாத்துச்சா?"

அவர் சிரிக்கப் பார்த்தார். கன்னம் இழுத்ததில் பாதியில் நிறுத்திக்கொண்டார். அந்தப் பாதிச் சிரிப்பைப் பார்த்ததும்தான் அவள் மிஷினை விட்டு எழுந்தாள்.

அந்த வீட்டில் இரண்டு பேருமே டேப் பிடித்துப் பிழைப்பவர்கள். அவள் பள்ளிக்கூடச் சீருடை தைப்பவள், அவர் எண்ணெய் அளப்பவர். கம்பெனி கொடுத்த பேன்ட்டைச் சுருக்கித் தைக்க முதன்முதலாக அவள் கடைக்கு வந்தபோது, "நீங்க மனுஷனை வெளியிலேருந்து அளக்கிறீங்க, நான் டேங்க்கை உள்ளேருந்து அளக்கிறேன்" என்று ஒரு ஜோக் சொன்னார். அதற்கு அவள் சிரித்திருக்கக் கூடாது. சிரித்துத் தொலைத்தாள். பேன்ட்டும் சுருங்கியது, கல்யாணமும் நடந்தது.

அவருடைய வேலை கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கும். மூன்று மாடி உயர டேங்க்கின் உடம்பைச் சுற்றிச் சுற்றிப் போகும் இரும்புப் படியில் ஏற வேண்டும். உச்சியில் ஒரு சின்ன மூடி. அதைத் திறந்து, நுனியில் பித்தளைக் குண்டு தொங்கும் இரும்பு டேப்பை டேங்க்கின் அடியைத் தொடும்வரை இறக்கி, மறுபடி மேலே இழுத்து, எண்ணெய் எந்த எண் வரை நனைத்திருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். இதற்கு டிப் எடுப்பது என்று பெயர். அதனால் கம்பெனியில் அவர் டிப்புக்காரர். சிக்கல் அந்த மூடியில்தான் இருந்தது. எண்ணெய்க்கு மேலே அடைபட்டுக் கிடக்கும் வாயு, மூடி திறந்ததும் குப்பென்று வெளியே வரும். டேப்பைப் பார்க்கக் குனிகிற முகம் சரியாக அதன் வழியில்தான் இருக்கும்.

"முதல்ல நாத்தம் வந்துச்சு. அப்புறம் நாத்தம் நின்னுடுச்சு. சரி, போயிடுச்சுன்னு நெனச்சேன். கடைசியில பாத்தா, போனது நாத்தம் இல்ல, நான்."

நல்லவேளை, மூடிக்கு அந்தப் பக்கம் விழாமல் இந்தப் பக்கம் விழுந்திருந்தார். காற்றும் அந்த நேரம் பார்த்து வீசியிருந்தது. அவருக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்த பெரியவருக்குக் காற்று அப்படி ஒத்தாசை செய்யவில்லை. அதே மூடிக்குப் பக்கத்தில், டேப்பைக் கையில் பிடித்தபடி, உட்கார்ந்தவாக்கில் செத்துக் கிடந்தார். அது மாரடைப்பு என்று முடிவாயிற்று. இதயம் அந்தப் பெரியவரின் சொந்த உடைமை, கம்பெனி வழங்கிய சாமான்களில் அது சேராது என்பதால், அதுவும் விபத்தாகவில்லை.

இதற்கெல்லாம் காரணம் கம்பெனி வாசலில் இருந்த பலகை. கேட்டுக்குச் சற்று உள்ளே, வாட்ச்மேன் அறைக்குப் பக்கத்தில், 'விபத்தில்லாமல் கடந்த நாட்கள்' என்று கொட்டை எழுத்தில் எழுதி, அதன் கீழே கொக்கிகளில் எண்கள் தொங்கும். வாட்ச்மேன் தினமும் காலையில் டீ குடித்த கையோடு ஒரு எண்ணைக் கழற்றி இன்னொன்றை மாட்டுவார். எண் ஆயிரத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. ஆயிரமாவது நாளன்று தலைமையகத்திலிருந்து தலைவரே நேரில் வந்து கேடயம் கொடுப்பதாக ஏற்பாடு. பழைய பலகையில் மூன்று எண்ணுக்குத்தான் இடம் இருந்தது. அதனால் பலகையை அகலப்படுத்தி நான்காவது கொக்கியும் அடித்தாயிற்று. கொக்கி அடித்த பிறகு யாரும் மயங்கி விழ முடியாது.

அடுத்த வாரம் டெய்லரம்மாவைக் கம்பெனிக்கு வரச் சொன்னார்கள். தூங்கும் ஊழியர்களின் குடும்பத்துக்கு ஆலோசனை வழங்கப்படும் என்று தகவல்.

கேட்டில் வாட்ச்மேன் அவளை அறைக்குள் உட்கார வைத்து டி.வி.யைப் போட்டார். உள்ளே நுழைகிறவர் யாராயிருந்தாலும் பாதுகாப்புப் படத்தை முழுதாகப் பார்த்தாக வேண்டும். படத்தில் தலைக்கவசம் அணிந்த ஒருவர் எல்லா இடத்திலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கடைசியில் ஒரு மனைவி வாசலில் வந்து நின்று தெருவைப் பார்த்தாள். 'உங்கள் குடும்பம் உங்களுக்காகக் காத்திருக்கிறது' என்றது ஒரு குரல். வாட்ச்மேன் அந்த வரியைக் கூடவே உதட்டால் சொன்னார். தினமும் கேட்டுக் கேட்டு அவருக்கு அது பாட்டாகிவிட்டிருந்தது.

"இதைப் பாக்காம உள்ள விட்டா என்னண்ணே?"

"என் வேலை போயிடும்மா. போன மாசம் தீயணைப்பு வண்டிக்காரங்களையே உட்கார வெச்சுப் போட்டுக் காட்டினேன். நல்லவேளை, அன்னிக்கு ஒத்திகைதான்."

அறையின் சுவரில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருந்தது. உள்ளே மூச்சுக் கவசம் இரண்டு, காற்று உருளைகளோடு, பளபளவென்று புதுசாக. சாவி மேலாளரிடம் இருக்கிறது என்றார் வாட்ச்மேன்.

பாதுகாப்பு மேலாளர் நல்லவர். கஷ்டம் அங்கேதான் ஆரம்பித்தது. கத்துகிற ஆளாக இருந்தால் பதிலுக்குக் கத்தலாம். இவர் ஏ.சி. அறைக்குள்ளும் தலைக்கவசத்தைக் கழற்றாமல், அவளுக்குத் தண்ணீர் வரவழைத்துக் கொடுத்து, நாற்காலியில் பார்த்து உட்காரச் சொல்லி, அது ஆடாமல் இருக்கிறதா என்று தானே எழுந்து வந்து அசைத்தும் பார்த்தார். அதன் பிறகு, உங்கள் கணவர் வீட்டில் எத்தனை மணிக்குத் தூங்குகிறார், குறட்டை உண்டா, படுக்கையில் ஏதாவது மனக்கசப்பா என்று கனிவாக விசாரித்தார்.

அவள் சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டாள். "சார், அவருக்குத் தூக்கம் வரல. மயக்கம் வந்துச்சு. மூடியைத் திறந்ததும் காஸ் அடிச்சிருக்கு."

மேலாளர் வருத்தமாகத் தலையசைத்தார். காஸ் இருக்கிறதா என்று பார்க்கக் கம்பெனி ஏற்கெனவே ஒரு கருவி வாங்கியிருக்கிறது என்று மேஜைமேல் இருந்த சின்னக் கண்ணாடிக் கூண்டைக் காட்டினார். கைக்கு அடக்கமான மஞ்சள் கருவி அது. இதை முதலில் டிப்புக்காரர் சட்டையில்தான் மாட்டிக்கொண்டு போனாராம். டேங்க் உச்சிக்குப் போய் மூடியைத் திறந்தாலே கூவுமாம். பழுது என்று திருப்பி அனுப்பினார்கள். கருவியை விற்றவர்கள் பரிசோதித்து நன்றாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தார்கள். மறுபடி மேலே போயிற்று, மறுபடி கூவிற்று. இந்த அறைக்குள் கொண்டுவந்து வைத்தால் ஒரு சத்தமில்லை. மூன்று முறை இப்படி ஆன பிறகு, நிபுணர் குழு உட்கார்ந்து ஆராய்ந்து, கருவிக்கு உயரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடித்தது. அதிலிருந்து இங்கேயே வைத்துப் பராமரிக்கிறார்கள்.

"அந்த மூச்சுக் கவசத்தையாவது போட்டுக்கிட்டு ஏறட்டுமே சார். கேட்டுல சும்மாதானே இருக்கு."

"அது அவசர காலத்துக்கும்மா. இவர் பாட்டுக்கு அதைப் போட்டுக்கிட்டு ஏறினா, இங்க அவசர காலம்னு ஆயிடும். இத்தனை நாளா அவசரமே இல்லாம காப்பாத்திட்டு வர்றோம். ஒருத்தருக்காக அதைக் கெடுக்கலாமா, நீங்களே சொல்லுங்க."

கீழே நின்றபடியே அளவு பார்க்கிற மீட்டர் ஒன்றை டேங்க்கில் மாட்டியிருப்பதாகக் கணவர் சொல்லியிருந்தார். அதைப் பார்த்தால் போதாதா, ஏன் ஏற வேண்டும் என்று கேட்டாள். மேலாளரின் முகம் மலர்ந்தது. அந்த மீட்டர் அவர் கொண்டுவந்த திட்டம். யாரும் மேலே ஏறக் கூடாது என்பதற்காகவே வாங்கியது. ஆனால் மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று உறுதி செய்ய வேண்டுமல்லவா? அதனால் மீட்டரை ஒருமுறை படித்ததும் டிப்புக்காரர் ஏறி டிப் எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பார். இறங்கி வருவதற்குள் மீட்டர் மாறியிருக்கலாம் என்பதால் இன்னொருமுறை படித்து, இன்னொருமுறை ஏறுவார். முன்பு காலையில் மட்டும் ஏறினார், மீட்டர் வந்த பிறகு நாளெல்லாம் ஏறுகிறார். பாதுகாப்பு அந்த அளவுக்கு வளர்ந்திருக்கிறது.

தனியாக ஏறக் கூடாது என்று சுவரில் எழுதியிருந்ததை அவள் காட்டினாள். தனியாக ஏறுவதில்லையே என்றார் மேலாளர். துணைக்கு வாட்ச்மேன் இருக்கிறார். அவர் கேட்டில் இருப்பார். இரண்டு பேரும் மேலே இருந்து ஏதாவது ஆகிவிட்டால் இரண்டு கணக்காகிவிடும் அல்லவா.

டெய்லரம்மாவுக்கு, பள்ளிக்கூடச் சட்டை தைத்துக் கொடுத்துவிட்டு, கை நுழைகிற ஓட்டை எங்கே என்று கேட்டால், கை வெளியே வந்தால் அடிபடும், அதனால் வைக்கவில்லை என்று சொல்வதுபோல இருந்தது. கடைசியாக ஒன்று தோன்றியது. தூக்கம் என்றே வைத்துக்கொள்வோம். தூங்குகிறவரை எழுப்ப ஒரு வழி செய்யலாமே.

"அப்படின்னா சார், ஒரு அலாரம் கடிகாரத்தை இடுப்புல கட்டி அனுப்புறேன். மயங்கினா… தூங்கினா எழுப்பி விடும்."

மேலாளர் பதறிப்போய் எழுந்தார். அவர் பதறி அவள் பார்த்தது அப்போதுதான்.

"ஐயையோ, பேட்டரி கடிகாரமா? மேல காஸ் இருக்கும்மா. ஒரு பொறி போதும்."

"அப்ப காஸ் இருக்குங்கிறீங்க."

மேலாளர் தலைக்கவசத்தைச் சரிசெய்துகொண்டார். "கடிகாரத்தைப் பொறுத்தவரைக்கும் இருக்கு" என்றார்.

அந்த ஆலோசனைக்குப் பிறகு பாதுகாப்புத் துறை சும்மா இருக்கவில்லை. டேங்க் உச்சியில், மூடிக்குப் பக்கத்திலேயே, 'இங்கே தூங்காதீர்' என்று ஒரு பலகை வைத்தார்கள். அதைப் படிக்க மூடிக்கு இன்னும் நெருக்கமாகக் குனிய வேண்டியிருந்தது. தினமும் காலையில் ஊழியர்கள் எல்லோரும் வரிசையில் நின்று, கண்களை அகல விரித்து, விழித்திருப்போம் என்று உறுதிமொழி எடுத்தார்கள். டிப்புக்காரர் மட்டும் முன்னால் வந்து தனியாக இன்னொருமுறை எடுத்தார். தூக்கத்தின் தீமைகள் பற்றி ஒரு நிபுணர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நீளமாகப் பேசியதில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். அது தரையில் நடந்த தூக்கம் என்பதால் கணக்கில் வரவில்லை.

வீட்டில் டெய்லரம்மா ஒரே பல்லவியைப் பாடினாள். வேண்டாம், விட்டுவிடுங்கள், வேறு வேலை பாருங்கள். அவர் பார்க்காமல் இல்லை. இரண்டு இடங்களில் கேட்டுவிட்டு வந்தார். இரண்டு இடத்திலும் இந்தக் கம்பெனியில் விசாரித்தார்கள், வேலை நேரத்தில் தூங்குகிறவர் என்று பதில் வந்தது. தூங்கியவர் என்ற பெயரை அழிக்க வேண்டுமென்றால், ஆறு மாதம் தூங்காமல் அங்கேயே வேலை பார்த்துக் காட்ட வேண்டும். அதுதான் விதி. வெளியே வர வேண்டுமென்றால் மேலே ஏறியாக வேண்டும்.

"மூச்சைப் பிடிச்சுக்கிட்டு எடுத்துடுவேன். நீ கவலைப்படாத" என்றார் ஒரு சாயங்காலம்.

"எவ்வளவு நேரம் பிடிப்பீங்க? எங்கே, இப்பப் பிடிங்க பாப்போம்."

அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவள் மிஷினை மிதித்துக்கொண்டே ஒரு காலரைத் தைக்க ஆரம்பித்தாள். காலர் பாதியைத் தாண்டும் முன்னே அவருக்கு மூச்சு முட்டி இருமல் வந்துவிட்டது. அவள் தலையைக் குனிந்துகொண்டு மீதிக் காலரைத் தைத்தாள். தையல் கோணிக்கொண்டு போயிற்று. பிரித்துத்தான் தைக்க வேண்டும்.

அவர் எழுந்து வந்து அவள் கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்துத் தன் மார்பைச் சுற்றிப் பிடித்தார். "டெய்லரம்மா, அளவெடுத்துக்கோ. பத்திரமா அதே அளவுல திருப்பிக் கொண்டாந்து சேக்கிறேன்."

"பேசாதீங்க" என்றாள். ஆனால் டேப்பை விடவில்லை.

மறுநாள் அவள் ஒரு ஏற்பாடு செய்தாள். பழைய சிவப்புத் துணி ஒன்றைச் சதுரமாக வெட்டி, ஓரம் மடித்துத் தைத்து அவரிடம் கொடுத்தாள். கம்பெனி வேலிக்கு வெளியே, பஸ் நிறுத்தத்தின் பின்னால் நின்றால் டேங்க்கின் உச்சி தெரியும். டிப் எடுத்து மூடியை மூடியதும் அவர் அந்தத் துணியை ஆட்ட வேண்டும். அதைப் பார்த்துவிட்டு அவள் கடைக்குப் போவாள். எல்லாத் தடவையும் வர முடியாது. டேங்க் நிரப்பிய உடனே எடுக்கிற டிப்புக்குத்தான் வாயு அதிகம் இருக்கும். அதற்கு மட்டுமாவது வந்து நிற்பாள்.

கம்பெனியின் எல்லாப் பாதுகாப்பு ஏற்பாடுகளிலும் உண்மையாக வேலை செய்தது அந்தத் துணி ஒன்றுதான்.

ஆயிரமாவது நாள் வந்தது. கேட்டுக்கு உள்ளே பந்தல் போட்டு, பலகையைப் பார்த்தாற்போல நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அதனால் எல்லோரும் டேங்க்குகளுக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டியிருந்தது. டேங்க்கை நிரப்பிய பிறகு அரை மணி நேரமாவது மூடியைத் தொடக் கூடாது என்று சுவரெல்லாம் எழுதி வைத்திருந்தார்கள். ஆனால் தலைவர் தன் பேச்சின் முடிவில் அன்றைய எண்ணெய் அளவைத் தன் வாயால் அறிவிக்க வேண்டும், அதன் பிறகு அவருக்கு விமானம் இருந்தது. டேங்க் அப்போதுதான் நிரம்பியிருந்தது. டிப்புக்காரர் படியில் ஏறிக்கொண்டிருந்தார்.

டெய்லரம்மா வேலிக்கு வெளியே வழக்கமான இடத்தில் நின்றாள். ஒலிபெருக்கியில் மேலாளரின் குரல் தெருவரை கேட்டது.

"விபத்து நடந்துவிட்டது என்று எங்களிடம் வந்த ஒவ்வொருவரையும் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, அது விபத்து இல்லை என்று பொறுமையாகப் புரிய வைத்திருக்கிறோம். இந்த ஆயிரம் நாட்களில் ஒருவர்கூட விபத்தோடு வீடு திரும்பியதில்லை."

கைதட்டினார்கள். உச்சியில் கணவர் நிற்பது சின்னதாகத் தெரிந்தது. பாக்கெட்டிலிருந்து துணியை எடுத்துத் தயாராகக் கையில் சுற்றிக்கொண்டார். குனிந்தார்.

தலைவர் எழுந்து, நான்காவது கொக்கியில் ஒன்று என்ற எண்ணைத் தன் கையால் மாட்டினார். மற்ற மூன்று கொக்கிகளிலும் பூஜ்யங்கள் ஏற்கெனவே தொங்கின. மறுபடி கைதட்டினார்கள். டெய்லரம்மா டேங்க் உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். குனிந்தவர் நிமிரவில்லை. மேலே யாரும் இல்லாதது போலிருந்தது. ஒரு பஸ் வந்து நின்று மறைத்தது, போயிற்று. துணி ஆடவில்லை.

அவள் கேட்டுக்கு ஓடினாள். "அண்ணே, அவர் துணி ஆட்டல. மேல விழுந்துட்டாரு."

வாட்ச்மேன் உடனே போனை எடுத்து மேலாளருக்கு அடித்தார். விழா நடப்பதால், பாதுகாப்பை முன்னிட்டு எல்லாப் போன்களும் அணைத்து வைக்கப்பட்டிருந்தன. பந்தலுக்கு ஓடிப்போய் முன்வரிசையில் இருந்த ஒருவரின் காதில் சொன்னார். அவர் பக்கத்தில் இருந்தவரின் காதில் சொன்னார். அவர் திரும்பி, பேச்சு முடியட்டும் என்று கையைக் காட்டினார். வாட்ச்மேன் திரும்பி வந்தபோது டெய்லரம்மா அறை வழியாக உள்ளே போகப் பார்த்தாள். அவர் கை தானாக நீண்டு அவளை நிறுத்தியது. இத்தனை வருஷப் பழக்கம், கை கேட்கவில்லை.

"படம்… படம் பாக்கணும்மா" என்றார். சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது.

டி.வி. தானாகவே ஓடிக்கொண்டிருந்தது. கைப்பிடியைப் பிடித்தபடி அந்த மனிதன் நடந்தான். அவள் கத்தினாள். ஒலிபெருக்கி அதைவிடப் பெரிதாகக் கத்திக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியே பார்த்தால் அத்தனை பேரும் இந்தப் பக்கம்தான் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் அவளைப் பார்க்கவில்லை, பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'உங்கள் குடும்பம் உங்களுக்காகக் காத்திருக்கிறது' என்றது டி.வி.

டெய்லரம்மாவும் பலகையைப் பார்த்தாள்.

அவள் உள்பக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள். வாட்ச்மேன் தடுத்திருக்கலாம். அந்த நேரம் பார்த்து அவர் குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தார். அவள் பலகைக்கு முன்னால் போய் நின்று, எட்டி, தலைவர் மாட்டிய ஒன்றைக் கழற்றினாள். அதை மட்டும்தான் கழற்றினாள். மீதி எல்லாம் ஏற்கெனவே சரியாக இருந்தது.

மூன்று பூஜ்யங்கள் தொங்கின.

ஒலிபெருக்கி பாதி வார்த்தையில் நின்றது. அத்தனை நாற்காலிகளும் ஒரே நேரத்தில் பின்னால் தள்ளப்பட்டன. பாதுகாப்பு மேலாளர், யாரும் ஓடக் கூடாது என்று தானே எழுதி ஒட்டிய பாதையில், எந்தக் கைப்பிடியையும் பிடிக்காமல் ஓடிவந்தார்.

"விபத்தா? என்ன விபத்து? எங்கே விபத்து?"

அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து கேள்வியாக வந்து அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் எண்ணை மார்போடு அணைத்துக்கொண்டு டேங்க் உச்சியைக் காட்டினாள். "மேல பாருங்க சார். ஒரு தடவை மேல பாருங்க."

பார்த்தார்கள். தலைவரும் பார்த்தார். மேலாளர் கண்ணாடிப் பெட்டியின் சாவிக்காக ஒவ்வொரு பாக்கெட்டாகத் தட்டினார். அவர் மூன்றாவது பாக்கெட்டுக்கு வருவதற்குள் வாட்ச்மேன் தன் தலைக்கவசத்தைக் கழற்றி ஓங்கி அடித்துக் கண்ணாடியை உடைத்தார். அந்தத் தலைக்கவசத்தால் கம்பெனிக்குக் கிடைத்த ஒரே பயன் அது. விழாப் பாதுகாப்புக்கு வந்திருந்த தீயணைப்பு ஆட்கள் இரண்டு பேர் கவசங்களை மாட்டிக்கொண்டு ஏறினார்கள். கயிற்றில் கட்டி இறக்கியபோது டிப்புக்காரரின் உதடு நீலம் பாரித்திருந்தது. கையில் சிவப்புத் துணி சுற்றியபடியே இருந்தது. வெகு நேரம் கழித்து அவர் மார்பு ஒருமுறை ஏறி இறங்கியது. டெய்லரம்மா அதை விரல்களால் தொட்டுப் பார்த்துக்கொண்டே ஆஸ்பத்திரி வரை போனாள். ஏறியது. இறங்கியது. அதே அளவுதான்.

விசாரணைக் குழு மறுநாளே கூடியது. டிப்புக்காரர் இரண்டாம் முறையாக, அதுவும் தலைவர் வந்திருந்த நேரத்தில் தூங்கிவிட்டார் என்று முடிவு செய்தது. கையில் துணியோடு மேலே போனதே, படுக்கத் தயாராகப் போனார் என்பதற்குச் சான்று. டாக்டர் விஷ வாயு என்று எழுதிக் கொடுத்ததை, அவர் ஆஸ்பத்திரியில் பார்த்ததை எழுதியிருக்கிறார், டேங்க்கைப் பார்க்கவில்லை என்று ஒதுக்கினார்கள். அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். பலகையைச் சேதப்படுத்திய பெண் வளாகத்துக்குள் நுழையக் கூடாது என்று தடை போட்டார்கள். ஒன்று என்ற எண் கழுவித் துடைத்து மறுபடி மாட்டப்பட்டது. கேடயமும் கிடைத்தது, விமானம் தவறியதால் ஒருநாள் தாமதமாக.

கண்ணாடிப் பெட்டிக்கு இப்போது இரும்புக் கம்பி போட்டிருக்கிறார்கள். பலகையை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. எண்ணைத் தினமும் மாற்றியாக வேண்டும், அதனால் கொக்கிகளை எடுக்க முடியாது.

டிப்புக்காரர் பிழைத்துக்கொண்டார், முழுதாக இல்லை. பேச்சு பாதியில் நின்றுவிடும். எதைச் சொல்ல வந்தோம் என்று அவளைப் பார்ப்பார், அவள் முடித்து வைப்பாள். முன்பு இவள் பாதியில் விட்ட கதைகளை அவர் முடித்ததற்கு இது பதில் மரியாதை என்று அவளே சொல்லிக்கொண்டாள். கடையில் உட்கார்ந்து சட்டைகளுக்குப் பித்தான் தைக்கிறார். கை நடுங்குகிற நாளில் ஊசியில் நூல் கோப்பது மட்டும் அவள் வேலை. இப்போது ராத்திரியானால் நன்றாகத் தூங்குகிறார். அவள்தான் விழித்துக்கொண்டு, மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டு கிடக்கிறாள்.

அந்த வேலைக்குக் கம்பெனி ஆள் எடுத்தது. இயற்கையாகவே தூக்கம் வராதவர்களுக்கு முன்னுரிமை என்று கேட்டில் எழுதிப் போட்டிருந்தார்கள்.

ஒருநாள் சட்டைகளைக் கொடுத்துவிட்டு டெய்லரம்மா பஸ்ஸுக்கு வந்தபோது, நிறுத்தத்தின் பின்னால், வேலியைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பெண் நின்றிருந்தாள். கையில் சாப்பாட்டு டப்பா. பஸ் வந்தது, அவள் ஏறவில்லை. அவள் பார்வை டேங்க் உச்சியிலேயே இருந்தது. டெய்லரம்மாவும் ஏறாமல் நின்றுவிட்டாள்.

"மேல இருக்கிறது உன் வீட்டுக்காரரா?"

"ஆமாக்கா. சேந்து ஒரு வாரம்தான் ஆவுது. மேல போனா தலை சுத்துதுங்கிறாரு. ஆபீஸ்ல சொன்னதுக்கு, வீட்டுல சரியாத் தூங்க வைங்கன்னு என்னைக் கூப்பிட்டுச் சொன்னாங்க."

டெய்லரம்மா அவளை நெருங்கி நின்றாள். வேலிக்குள், வாட்ச்மேன் அறைக்குப் பக்கத்தில், பலகை வெயிலில் பளபளத்தது. நாலு எண்ணும் வளர்ந்து நிறைந்திருந்தன. எந்த இடத்திலும் பூஜ்யம் இல்லை.

"அந்த நம்பர் தெரியுதா? ஒண்ணை மட்டும் எடுத்தா இப்ப வேலைக்கு ஆகாது, நாலையும் எடுக்கணும். கொக்கியிலதான் மாட்டியிருக்கு, இழுத்தா வந்துடும்."

"எதுக்குக்கா?"

"அப்பதான் மேல பாப்பாங்க."